சிவப்பு அட்டையின் மூன்று கேள்விகள்

1996 ஆடி மாதம். ஓசூர் சிப்காட்டில் வண்டிகளுக்கு உதிரிபாகம் செய்துகொடுக்கும் ஒரு சின்ன கம்பெனியில் ஸ்டோர்ஸ் கணக்கு பார்த்துக்கொண்டிருந்தேன். வீடு பாகலூரில். காலை முதல் ஷிப்ட் பஸ்ஸில் போனால் இருட்டிய பிறகுதான் திரும்புவேன். அந்த மாதம் ஒருநாள் முதலாளி கூப்பிட்டு, "பெங்களூர் போய் விண்டோஸ் 95 வாங்கிட்டு வாப்பா" என்று பணம் கொடுத்தனுப்பினார்.

ஜூஜூவாடி, அத்திப்பள்ளி, எலெக்ட்ரானிக் சிட்டி தாண்டி மார்க்கெட்டில் இறங்கி, அங்கிருந்து எஸ்.பி. ரோட்டுக்கு நடை. கம்ப்யூட்டர் சாமான் எதுவானாலும் எங்கள் பக்கத்துக்கு அந்தத் தெருதான். கடைக்காரர் பெட்டியைப் பிரித்துக் காட்டினார். உள்ளே 13 பிளாப்பி. திரும்பக் கட்டிக் கொடுக்கும்போது, "பஸ்ல ஸ்பீக்கர் பக்கத்துல வெச்சிடாதீங்க, காந்தம் இழுத்துடும்" என்றார். அத்திப்பள்ளி வரைக்கும் நின்றுகொண்டேதான் வந்தேன். பெட்டியை மட்டும் கீழே வைக்கவில்லை.

முந்தின ஆண்டு ஆகஸ்ட் 24-ல் உலகம் முழுக்க ஆரவாரமாக வெளியான பொருள் அது. எங்கள் ஆபீசுக்கு வந்து சேர ஓராண்டு பிடித்தது. அதுவரை எங்களிடம் டாஸ் மட்டும்தான். கறுப்புத் திரையில் கட்டளை அடித்து வேலை செய்வோம். அந்த 486 கம்ப்யூட்டரின் ஹார்ட் டிஸ்க் 170 எம்பி. இன்றைக்குக் கல்யாண வீட்டில் ஒரு பையன் போனில் எடுக்கிற ஒரு நிமிட வீடியோவே அதில் பாதியைத் தின்றுவிடும். அன்றைக்கு ஒரு கம்பெனியின் ஐந்து வருஷ வாழ்க்கை அதற்குள் இருந்தது. ஃபாக்ஸ்ப்ரோவில் எழுதிய சரக்குக் கணக்கு, மோட்வாட் வரிப் பதிவேடு, ஜாப் ஒர்க்குக்கு வெளியே போன பொருளுக்கான சலான்கள், வேர்ட்ஸ்டாரில் அடித்த கடிதங்கள். போக மிச்சம் 22 எம்பி.

விண்டோஸ் 95-ஐப் புதிதாகப் போட 50 முதல் 55 எம்பி வேண்டும் என்று போட்டிருந்தது. முதல் பிளாப்பி வழக்கமான 1.44 எம்பி. மற்ற 12-லும் ஒவ்வொன்றிலும் 1.68 எம்பி நெருக்கி அடைத்திருந்தார்கள். மொத்தம் கூட்டினால் 21 எம்பி சொச்சம். அவ்வளவையும் சுருக்கி மடித்து வைத்திருந்தார்கள். டிஸ்க்கில் ஏறி விரிந்தால் இரண்டரை மடங்கு ஆகும். எனக்கு 33 எம்பி குறைகிறது.

அந்த 33 எம்பியை எங்கே தேடுவது என்பதற்கான வழி ஷாப் ஃப்ளோரிலிருந்து வந்தது.

சிப்காட்டின் கதை தெரிந்தவர்களுக்கு இது புரியும். 1970-களில் தொடங்கிய பேட்டை அது. 1980-ல் டிவிஎஸ் 50 மொபெட் அங்கிருந்துதான் தெருவுக்கு வந்தது. அசோக் லேலண்டு அதே காலத்தில் வந்தது. 80-களின் பின்பாதியில் டைட்டன் கைக்கடிகாரம் வந்தது. பெரிய கம்பெனிகளுக்குப் பாகம் செய்துகொடுக்க எங்களைப் போல நூற்றுக்கணக்கான சின்னப் பட்டறைகள் முளைத்தன. தொண்ணூறுகளில் பெரிய கம்பெனிகள் ஜப்பானிய முறைகளைக் கற்றுக்கொண்டு, எங்களுக்கும் கற்றுக்கொடுத்தன. 2002-ல் டிவிஎஸ் மோட்டாருக்குத் தரத்துக்கான டெமிங் பரிசு கிடைத்தது என்றால், அதற்குப் பின்னால் ஓசூரில் பத்து வருஷப் பாடம் இருந்தது. அந்தப் பாடத்தின் அரிச்சுவடி ஃபைவ் எஸ், அதாவது வேலை செய்யும் இடத்தை ஒழுங்காக வைத்துக்கொள்ளும் முறை. ஃபைவ் எஸ்ஸின் முதல் எழுத்து சிவப்பு அட்டை.

உள்ளங்கை அகல அட்டை. தரையில் தேவையில்லாமல் கிடக்கிறது என்று தோன்றும் எந்தப் பொருள் மேலும், ஹெல்ப்பர் முதல் மேனேஜர் வரை யார் வேண்டுமானாலும் அதைக் கட்டலாம். அட்டையில் மூன்று கேள்விகள் இருக்கும். யாருடையது? எதற்கு? எத்தனை நாளுக்கு? முப்பது நாளுக்குள் மூன்றுக்கும் பதில் எழுதி யாராவது கையெழுத்துப் போடவேண்டும். போடாவிட்டால் அந்தப் பொருள் வெளியே போய்விடும். உடைந்த ஃபிக்சர், எந்த மெஷினுக்கென்றே தெரியாத மோட்டார், மேனேஜரே ஆசைப்பட்டு வைத்திருந்த பழைய பெஞ்ச் எல்லாம் அப்படித்தான் போயின. தரையின் ஒவ்வொரு சதுர அடிக்கும் வாடகை உண்டு, அங்கே நிற்கிற ஒவ்வொன்றும் தன் இருப்புக்குக் காரணம் சொல்லவேண்டும் என்பதை நான் அங்கேதான் கற்றேன்.

அதையே டிஸ்க்குக்கும் செய்தேன். இருக்கிற ஃபைல் அத்தனையின் பட்டியலையும் டாட் மேட்ரிக்ஸ் பிரின்டரில் அடித்தேன். மடிப்பு மடிப்பாக நீளத் தாளில் வந்து விழுந்தது. அதைத் தூக்கிக்கொண்டு அக்கவுன்ட்ஸ், பர்ச்சேஸ், குவாலிட்டி என்று ஒவ்வொரு மேசையாகப் போனேன். "அண்ணா, இது உங்களுதா? எதுக்கு வெச்சிருக்கீங்க? எவ்ளோ நாளைக்கு வேணும்?" வேண்டாததைச் சிவப்புப் பென்சிலால் அடித்தோம். 1991, 92 சலான்களைச் சுருக்கி பிளாப்பியில் ஏற்றி, லேபிள் ஒட்டி, பீரோவில் வைத்தோம். அக்கவுன்ட்ஸ் அண்ணா ஒரு ஃபைலை அழிக்க மட்டும் கடைசி வரை ஒத்துக்கொள்ளவில்லை. வேலையில் சேர்ந்த வருஷம் அவரே தட்டுத் தடுமாறி எழுதிய முதல் புரோகிராம் அது. எட்டு கேபி. இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

மூன்று நாளில் 36 எம்பி கிடைத்தது. சனிக்கிழமை மத்தியானம் ஷிப்ட் முடிந்ததும் முதல் பிளாப்பியைப் போட்டேன். ஒன்பதாவதில் நின்றது. படிக்க முடியவில்லை என்றது திரை. பிளாப்பி நன்றாகத்தான் இருந்தது. எங்கள் கிரைண்டிங் தூசுதான் டிரைவின் தலையில் படிந்திருந்தது. ஸ்பிரிட் தொட்டுத் துடைத்து, மீண்டும் ஒன்றிலிருந்து தொடங்கினேன். ராத்திரி எட்டரைக்கு நீல வானமும் வெள்ளை மேகமும் திரையில் வந்தன. வாட்ச்மேன் தாத்தாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். வேறு யாரும் அப்போது அங்கே இல்லை.

அந்த ஞாபகத்தில் இன்றைக்கும் எனக்குப் பெரிதாகத் தெரிவது அந்த மேகம் அல்ல. 170 எம்பி டிஸ்க்கில் இருந்த ஒவ்வொரு ஃபைலையும் பெயர் சொல்லித் தெரியும் எனக்கு. எது யாருடையது, எதற்கு, எத்தனை நாளுக்கு என்று கேட்டால் தூக்கத்தில் எழுப்பினாலும் சொல்வேன்.

*

2000-த்தில் வேலையை விட்டுவிட்டு, பாகலூரிலேயே மாலூர் ரோட்டில் ஒரு ஷட்டர் கடை எடுத்தேன். ஜெராக்ஸ், டிடிபி, கம்ப்யூட்டர் சர்வீஸ். விண்டோஸ் 98 போட்ட மெஷின். அதற்கு 200 எம்பி சுற்றி வேண்டியிருந்தது. ஆனால் டிஸ்க் 4 ஜிபிக்கு வளர்ந்துவிட்டதால் இடத்தைப் பற்றிக் கவலை இல்லை. அப்போது என் கவலை எல்லாம் எழுத்தைப் பற்றித்தான்.

எங்கள் ஊரில் ஒரு கல்யாணப் பத்திரிகை என்றால் பல நேரம் மூன்று மொழி. பெண் வீடு தெலுங்கு பேசும், மாப்பிள்ளை வீடு மாலூர் பக்கம் கன்னடம், ஊராருக்குக் கொடுப்பது தமிழ். 1999-ல் சென்னையில் நடந்த தமிழிணையம் மாநாட்டுக்குப் பிறகு டாம், டாப் என்று குறியீடுகளை அரசு தரப்படுத்தியிருந்தது. இருந்தாலும் ஓசூர் பிரஸ்காரர் ஒரு எழுத்துரு, நான் ஒரு எழுத்துரு, வாடிக்கையாளர் பிளாப்பியில் கொண்டுவருவது இன்னொன்று. 'திருமணம்' என்று இங்கே அடித்தது அங்கே போனால் வெறும் கீறலும் புள்ளியுமாக நிற்கும். கம்ப்யூட்டருக்கு அது தமிழ் என்றே தெரியாது. ஆங்கில எழுத்துக்குத் தமிழ்ச் சட்டை மாட்டி ஏமாற்றிக்கொண்டிருந்தோம். ஒருமுறை மணமகன் பெயரே மாறி அச்சாகி, ஐந்நூறு பத்திரிகையை என் செலவில் திரும்ப அடித்துக் கொடுத்தேன்.

2003-ல் விண்டோஸ் எக்ஸ்பி போட்டேன். 2001 அக்டோபரில் வந்தது. 1.5 ஜிபி இடம் கேட்டது. விண்டோஸ் 95 கேட்டதைவிட ஏறக்குறைய முப்பது மடங்கு. "இவ்வளவு எதுக்குடா?" என்று எனக்கும் கோபம் வந்தது. ஆனால் அதே எக்ஸ்பியில் மொழி அமைப்புப் பக்கத்தில் ஒரு சின்னக் கட்டம் இருந்தது. அதை டிக் செய்தால் ஒரு செய்தி வரும். இந்திய மொழி எழுத்துகளும் இன்னும் சில மொழிகளும் ஏற்றப்படும், அதற்கு 10 எம்பி அல்லது அதற்கு மேல் இடம் வேண்டும் என்று. சரி என்று அழுத்தினேன். சிடியைக் கேட்டது. போட்டேன். திரும்ப ஆன் ஆனபோது லதா, கௌதமி, துங்கா என்று மூன்று எழுத்துருக்கள் வேலை செய்தன. தமிழுக்கு லதா, தெலுங்குக்கு கௌதமி, கன்னடத்துக்கு துங்கா. கௌதமி என்பது கோதாவரியின் கிளை, துங்கா கர்நாடகத்து ஆறு. ஒரே பக்கத்தில் மூன்று மொழியையும் அடித்துப் பார்த்தேன். ஒரே குறியீடு, யூனிகோடு. எங்கே கொண்டுபோனாலும் 'திருமணம்' திருமணமாகவே இருக்கும்.

அந்த 10 எம்பியை நான் மறக்கமாட்டேன். எல்லைப்புறத்தில் மூன்று மொழியோடு வாழ்கிற ஓர் ஊருக்குக் கம்ப்யூட்டர் முதல்முறை இடம் கொடுத்த 10 எம்பி அது. எங்கள் மொழிகளுக்கு டிஸ்க்கில் இடம் கேட்டு வாங்கவேண்டியிருந்தது, சிடி தேடிப் போடவேண்டியிருந்தது. இப்போது கேட்காமலே கூட வருகிறது. ஓ.எஸ். பெருத்துவிட்டது என்று யாராவது என்னிடம் சொன்னால், அந்தப் பெருக்கத்தில் ஒரு பங்கு நம் எழுத்து என்று உடனே சொல்லிவிடுவேன்.

டிரைவர் கதையும் அப்படித்தான். பிரின்டர் ஒன்று வாங்கினால் அதோடு வந்த சிடியை நகை மாதிரிப் பத்திரப்படுத்துவோம். தொலைந்தால் மறுபடி எஸ்.பி. ரோடு. இப்போது பிரின்டர் வயரைச் செருகினால் கம்ப்யூட்டரே அடையாளம் கண்டுகொள்கிறது. அதற்கான நிரல்களை முன்கூட்டியே தனக்குள் சேர்த்துவைத்திருப்பது ஒரு காரணம். அந்த இடத்துக்கும் பதில் இருக்கிறது.

2007-ல் வந்த விண்டோஸ் விஸ்டா 40 ஜிபி டிஸ்க்கில் 15 ஜிபி காலியாக வேண்டும் என்றது. என் கடைக்கு வந்த மெஷின்களில் பாதிக்கு மொத்த டிஸ்க்கே 40 ஜிபி. யாரும் போடவில்லை. எக்ஸ்பியிலேயே இருந்தார்கள்.

பிறகு 2011 செப்டம்பர் 15. தமிழக அரசின் விலையில்லா மடிக்கணினித் திட்டம் தொடங்கிய நாள். அரசுப் பள்ளியில் பன்னிரண்டாம் வகுப்பு படித்த பிள்ளைகள் மடிக்கணினியைத் துணிப்பையில் போட்டுக்கொண்டு என் கடைக்கு வருவார்கள். ரோஜாத் தோட்டத்தில் களை எடுக்கிறவர் மகனும் சிப்காட் காண்ட்ராக்ட் தொழிலாளி மகளும் ஒரே மாதிரி மெஷினோடு வந்து நின்றதை நான் பார்த்திருக்கிறேன். 320 ஜிபி டிஸ்க். என் முதல் கம்ப்யூட்டரைப் போல 1,800 மடங்குக்கு மேல். விண்டோஸோடு பாஸ் லினக்ஸும் இருந்தது. சென்னை சி-டாக் உருவாக்கியது, தமிழிலேயே பயன்படுத்தலாம். பிள்ளைகள் அதைத் திறந்து பார்ப்பது அபூர்வம். சொல்லிக்கொடுக்க ஆளில்லை. நானும் அப்போது சொல்லிக்கொடுக்கவில்லை. அதை இன்றைக்கு ஒரு குறையாகவே நினைக்கிறேன்.

*

2025 பிப்ரவரி முதல் வாரம். காதலர் தினத்துக்கு ரோஜா ஏற்றுமதி ஆகிற நாட்கள். பாகலூர், பேரிகை, தளி பக்கமெல்லாம் கிரீன் ஹவுஸில் ராத்திரி பகலாக வேலை. இருபது பூ ஒரு கட்டு. கட்டுக் கட்டாகக் கோல்ட் ரூமுக்குள் போய்க்கொண்டிருக்கும். அந்தப் பரபரப்பில் ஒருவர் தன் மகளோடு கடைக்கு வந்தார். அவர் கோல்ட் ரூமில் வேலை செய்கிறவர், மகள் ஓசூரில் காலேஜ் முதல் வருஷம். அவள் கையில் சின்ன லேப்டாப் ஒன்று. 2020-ல் பள்ளிக்கூடம் மூடி ஆன்லைன் வகுப்பு நடந்தபோது வாங்கியது. அதற்காக வீட்டில் ஒரு ஆடு விற்றதாக அப்பா சொன்னார்.

"ஸ்லோவா இருக்கு அங்கிள். அப்டேட்டும் ஆக மாட்டேங்குது. இடம் இல்லைனு சொல்லுது."

திறந்தேன். சி டிரைவுக்குக் கீழே நீளக் கோடு முழுக்கச் சிவப்பு. மொத்தம் 28 ஜிபி, மிச்சம் 400 எம்பி.

"நிறைய படம், பாட்டு ஏத்திட்டியாம்மா?"

"நான் ஒண்ணுமே ஏத்தலை அங்கிள். என் நோட்ஸ் மட்டும்தான். எப்படி ஃபுல் ஆச்சுன்னே தெரியலை."

பார்த்தேன். அவள் சொன்னது உண்மை. அவளுடைய நோட்ஸ், புராஜெக்ட், நாலைந்து குடும்பப் போட்டோ, எல்லாம் சேர்ந்து 310 எம்பி. மிச்சம் இருந்த எதையும் அவள் கொண்டுவந்து வைக்கவில்லை. ஆட்டை விற்று வாங்கிய இடத்தில் நூற்றில் ஒரு பங்குதான் அவளுக்குக் கிடைத்திருந்தது.

எப்படி ஃபுல் ஆச்சு என்ற கேள்வி எனக்கு ராத்திரி தூக்கம் தரவில்லை. 1996-ல் ஒவ்வொரு ஃபைலையும் எனக்குப் பெயர் சொல்லித் தெரியும் என்றேனே, இந்தப் பெண்ணுக்குத் தன் டிஸ்க்கில் இருப்பது என்னவென்றே தெரியாது. அது அவள் குற்றம் இல்லை. யாரும் அவளிடம் சொல்லவில்லை.

மறுநாள் அவளை உட்காரவைத்து ஒரு தாளை எடுத்தேன். பழைய மூன்று கேள்விகளையும் எழுதி, ஒவ்வொன்றாகக் கேட்டுப் பார்த்தோம். அட்டைப்பெட்டியில் 32 ஜிபி என்றிருக்கும், கம்ப்யூட்டர் காட்டுவது 29.8. காரணம், செய்பவர் ஆயிரம் ஆயிரமாக எண்ணுகிறார், கம்ப்யூட்டர் 1,024 ஆக எண்ணுகிறது. அதில் பழுது நீக்கும் பகுதிக்குக் கொஞ்சம் தனியே போய்விடுகிறது. மிச்சத்தில் இயங்குதளத்தின் சொந்த ஃபைல்கள். புது அப்டேட் சரியில்லை என்றால் பழையதுக்குத் திரும்பிப் போக வசதியாக, மாற்றப்பட்ட பகுதிகளின் பழைய பதிப்புகளும் ஓர் ஓரமாகச் சேர்ந்துகொண்டே இருக்கும். மூடி வைத்துத் திறந்தால் விட்ட இடத்திலிருந்து தொடங்க, நினைவகத்தின் நகலுக்கு ஒரு பெரிய ஃபைல். நினைவகம் போதாதபோது டிஸ்க்கையே நினைவகமாக்க இன்னொரு ஃபைல். அப்டேட்டுக்கென்றே 2019 முதல் ஒதுக்கிவைக்கும் இடம் சுமார் 7 ஜிபி. அப்புறம், அவள் ஒருநாளும் திறக்காத சில விளையாட்டுகளும் செயலிகளும்.

பாதுகாப்பு அப்டேட்டுக்கு இடம் கேட்டால் நான் கையெழுத்துப் போடுவேன். பேங்க் பாஸ்வேர்டு அடிக்கிற மெஷின் அது. தமிழ் எழுத்துக்கு, பிரின்டர் டிரைவருக்கு, பழுதானால் மீட்டெடுக்க, எல்லாவற்றுக்கும் கையெழுத்துப் போடுவேன். யாரும் கேட்காமல் வந்து உட்கார்ந்த விளையாட்டுக்குப் போடமாட்டேன். ஆனால் இதைவிட முக்கியமான ஒன்று இருக்கிறது. 32 ஜிபி மெஷினில் நாலைந்து வருஷத்துக்கு அப்டேட் ஏற இடம் போதாது என்பதை விற்கும்போதே வாங்குகிறவருக்குச் சொல்லியிருக்கவேண்டும். அட்டைப்பெட்டியின் மேலேயே எழுதியிருக்கவேண்டும். ஆடு விற்பவர் ஆட்டின் பல்லைப் பிடித்துக் காட்டித்தான் விற்கிறார்.

அந்தப் பெண்ணின் அப்பா கேட்டுக்கொண்டே நின்றிருந்தார். "எங்க கோல்ட் ரூம்ல இடம் வேணும்னா, யாரோட பூ, எத்தனை கட்டு, எத்தனை நாளுன்னு எழுதி வாங்கிட்டுத்தான் சார் உள்ள விடுவாங்க" என்றார். ஃபைவ் எஸ் என்ற சொல்லை அவர் கேள்விப்பட்டிருக்க மாட்டார். சிவப்பு அட்டையின் மூன்று கேள்விகளும் அவர் வாயிலிருந்து வந்தன. இடம் குறைவாக இருக்கிற எந்தத் தொழிலிலும் இந்த மூன்று கேள்விகள் தானாகவே பிறந்துவிடும் போலிருக்கிறது.

அந்த ஆண்டு இன்னொரு கெடுவும் இருந்தது. அவள் லேப்டாப்பில் இருந்த விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-ல் முடிய இருந்தது. அதன் பிறகு ஓராண்டுக்குப் பாதுகாப்பு அப்டேட் மட்டும் நீட்டித்துக்கொள்ள ஒரு வழி இருந்தது, அவ்வளவுதான். 2021 அக்டோபர் 5-ல் வந்த விண்டோஸ் 11-க்குப் போகலாம் என்றால், அது கேட்கிற டிஸ்க் 64 ஜிபி. இந்த மெஷினில் அதில் பாதிதான். சேமிப்புச் சிப் மதர்போர்டோடு வைத்துப் பற்றவைத்தது. கழற்றிப் பெரிதாக மாற்றவும் வழியில்லை.

விண்டோஸ் 95-ன் 50 எம்பியிலிருந்து விண்டோஸ் 11-ன் 64 ஜிபி. 26 வருஷத்தில் ஆயிரத்து இருநூறு மடங்குக்கு மேல். டிஸ்க் விலை அதைவிட வேகமாக இறங்கியிருக்கிறது என்பதும் உண்மை. 1996-ல் 170 எம்பிக்குக் கொடுத்த பணத்தில் இன்றைக்கு அதுபோல ஆயிரக்கணக்கான மடங்கு வாங்கலாம். ஆகவே எண் பெரிதாகிவிட்டதே என்று நான் வருந்தவில்லை. இந்தக் கணக்கு, வாங்க முடிகிறவர்களுக்குத்தான் சரியாக வருகிறது. கையில் இருப்பதை வைத்துத்தான் ஓட்டவேண்டும் என்கிற வீட்டில், எண் ஒன்று கூடும்போதெல்லாம் நன்றாக ஓடுகிற மெஷின் ஒன்று பழசாகிவிடுகிறது. அதன் கீபோர்டு தேயவில்லை, திரை மங்கவில்லை, அதில் படிக்கிற பிள்ளையின் ஆர்வமும் குறையவில்லை. இடம் மட்டும்தான் போதவில்லை. அதற்காக அது பழைய இரும்புக் கடைக்குப் போகிறது. போன மெஷினுக்குள் காரீயமும் மற்ற நச்சும் இருக்கின்றன. அதைப் பிரித்து எரிப்பவர்களும் ஏழைகள்தான்.

எலெக்ட்ரானிக் சிட்டி எங்கள் ஊரிலிருந்து ஒரு பஸ் தூரம். அங்கே மென்பொருள் எழுதுகிறவர்களில் பாகலூரிலிருந்து தினமும் போய்வருகிற பிள்ளைகளும் உண்டு. அவர்கள் என் கடைக்கு வரும்போது சொல்வேன்: "நீங்க எழுதற புரோகிராமுக்கும் ஒரு சிவப்பு அட்டை கட்டிப் பாருங்கப்பா. யாருக்கு, எதுக்கு, எத்தனை நாளுக்கு." பக்கத்துக் கேரளத்தில் கைட் அமைப்பு பள்ளிக்கூடங்களில் முழுக்கக் கட்டற்ற மென்பொருளையே பயன்படுத்துகிறது. லட்சக்கணக்கான பிள்ளைகள் லினக்ஸிலேயே படிக்கிறார்கள். பழைய மெஷின்களும் அங்கே வேலை செய்கின்றன. நம்மாலும் முடியும். பாஸ் லினக்ஸ் நம் சென்னையில் உருவானதுதான்.

அந்தப் பெண்ணின் நோட்ஸ் 310 எம்பியையும் பென் டிரைவில் எடுத்துவைத்துவிட்டு, லேப்டாப்பில் லினக்ஸ் மின்ட் போட்டேன். கனமில்லாத பதிப்பு. வைஃபை மட்டும் உடனே வேலை செய்யவில்லை. ஒரு சாயங்காலம் முழுக்க அதற்குப் போனது. அவளும் கூடவே உட்கார்ந்து, நான் அடித்த ஒவ்வொரு வரியையும் நோட்டில் எழுதிக்கொண்டாள். பிரவுசர், லிப்ரே ஆபீஸ், தமிழ் கீபோர்டு, எல்லாம் ஏற்றியும் மிச்சம் 17 ஜிபி இருந்தது. அந்த எண்ணைப் பார்த்து அவள் சும்மா இருந்தாள். அப்புறம், "இது எனக்கா அங்கிள், எல்லாமே?" என்றாள்.

என் மேசை டிராயரில் சிப்காட் காலத்துச் சிவப்பு அட்டைகள் ஒரு கட்டு இன்னும் இருக்கின்றன. வேலையை விட்டு வந்தபோது கொண்டுவந்தவை. ஒன்றை எடுத்து அவளிடம் நீட்டி, மூன்று கேள்விக்கும் நீயே பதில் எழுது என்றேன்.

யாருடையது என்ற இடத்தில் தன் பெயரை எழுதினாள். எதற்கு என்ற இடத்தில் 'படிப்பு'. எத்தனை நாளுக்கு என்ற இடத்தில் பேனா கொஞ்சம் நின்றது. ஏழாம் வகுப்பு படிக்கிற தங்கை ஒருத்தி இருக்கிறாள் என்று அப்புறம்தான் தெரிந்தது.

'பாப்பா காலேஜ் முடிக்கிற வரைக்கும்' என்று எழுதி, கீழே கையெழுத்துப் போட்டு, லேப்டாப் மூடியின் வெளிப்பக்கம் ஒட்டிக்கொண்டாள்.